கல்லறைக்குக் காத்திருக்கும் எலும்புகள்

உடலைச் சார்ந்த இரக்கச் செயல்கள் ஏழு என்று சிறுவயதிலேயே நாம் மனப்பாடம் செய்திருக்கிறோம். பசித்தோர்க்கு உணவளித்தல் தொடங்கிச் சிறையிலிருப்போரைச் சந்தித்தல் ஈறாக ஆறினை மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் ஆண்டவரே எண்ணிச் சொல்கிறார். ஏழாவதாகிய இறந்தோரை அடக்கம் செய்தல் அப்பட்டியலில் இல்லை. திருச்சபை அதனைத் தோபித்து நூலிலிருந்து எடுத்துச் சேர்த்துக்கொண்டது. நினிவே நகருக்கு நாடு கடத்தப்பட்டு வாழ்ந்த தோபித்து, மன்னன் கொன்றுபோட்ட தம் இனத்தாரின் உடல்களைக் களவாக எடுத்துச் சென்று புதைத்தார். அக்குற்றத்திற்காகப் பொருளையெல்லாம் இழந்து தலைமறைவாகத் திரிந்தார்.

தோபித்து பட்ட துன்பம் பெரிது. ஆயினும் அவருக்கு ஓர் ஆறுதல் இருந்தது. புதைப்பதற்கு அவர் கையில் ஓர் உடல் இருந்தது; இறந்தவர் இன்னார் என்பதும் தெரிந்திருந்தது. உடலே கிடைக்காதபோது ஏழாவது இரக்கச் செயலை எங்ஙனம் நிறைவேற்றுவது? முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு குழியிலிருந்து பெயரற்ற எலும்புகள் வெளிப்படும்போது அவற்றின்மீது யார் மண் அள்ளிப் போடுவது? நம் நாகைக் கரைக்கு எதிரே, ஒரு நீரிணைக்கு அப்பால் கிடக்கும் ஈழத்து மண் இக்கேள்வியை இன்று நம்முன் வைக்கிறது. அந்நாட்டில் பிறந்த எழுத்தாளர் இருவரின் நாவல்களைக் கொண்டும், திருவிவிலியத்தின் ஒரு பழைய வரலாற்றைக் கொண்டும் இதனைச் சற்று ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

செம்மணியும் மன்னாரும்

நாவல்களுக்குள் புகுமுன் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாக நினைவுகூர்தல் நலம். 1996இல் யாழ்ப்பாணத்தில் பள்ளி மாணவி ஒருவரும், அவரைத் தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவரும் படையினரால் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் மரண தண்டனை பெற்ற படைவீரர் ஒருவர், செம்மணியில் 300 முதல் 400 வரையிலான உடல்கள் புதைக்கப்பட்டுள்ளன என்று 1998 சூலையில் நீதிமன்றத்திலேயே சொன்னார். 1999இல் தோண்டியபோது கிடைத்தவை 15 உடல்களே. பிறகு அந்நிலம் மௌனமாயிற்று. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதே செம்மணிப் பகுதியின் சித்துப்பாத்தி இந்து மயானத்தில் கட்டட வேலைக்காக மண்ணை வெட்டியபோது மீண்டும் எலும்புகள் வெளிப்பட்டன. அவ்வாண்டிலேயே 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. அவற்றில் குழந்தைகளுடையவையும் இருந்தன. ஒரு பள்ளிப் பையும் விளையாட்டுப் பொம்மையும் உடன் கிடைத்தன.

மன்னார் நகரில் சதொச கட்டட வளாகத்தில் 2018இல் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அவற்றுட் சில அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டன. அவை 15 முதல் 17 வரையிலான நூற்றாண்டுகளைச் சார்ந்தவை என்று 2019இல் அறிக்கை வந்தது. காணாமற்போனோரின் உறவினர் பலர் அதனை ஏற்கவில்லை. கதிரியக்கக் கரிமக் கணக்கில் பிழை கண்டுபிடிக்கும் அறிவியல் அவர்களிடம் இல்லை. இத்தனை ஆண்டுகளாகத் தங்களுக்குச் சொல்லப்பட்டவற்றுள் எது மெய்யென்று நிலைத்தது என்ற கேள்விதான் அவர்களிடம் இருந்தது. ஓர் எலும்பின் வயதை ஆய்வுக்கூடம் சொல்லிவிடலாம். அச்சொல்லை நம்புவதற்கு வேண்டிய உறவை ஆய்வுக்கூடம் உண்டாக்கித் தர இயலாது.

இதே கடற்கரை மாவட்டங்களில் வாழும் நாம் ஓர் ஒப்புமையை எளிதில் உணரலாம். 2004 திசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வேளாங்கண்ணியில் பெயர் தெரியாத உடல்களை ஒன்றாக அடக்கம் செய்தோம். இந்துவா, கிறித்தவரா, இசுலாமியரா என்று கேட்க அன்று எவருக்கும் நேரமில்லை. அப்பொதுக் கல்லறையின்முன் நின்று அழுவோர் உண்டு. அதன்மீது ஐயம் கொள்வோர் இல்லை. ஏனெனில் கடல் எதையும் மறைக்கவில்லை, பொய் சொல்லவுமில்லை. பொதுக் குழி என்ற வகையில் வேளாங்கண்ணியும் செம்மணியும் ஒன்றே. ஒன்று மக்கள் கண்முன்னே மூடப்பட்டது. மற்றொன்று மக்கள் காணாதபடி மூடப்பட்டது. இவ்வேறுபாட்டிலிருந்தே அவநம்பிக்கை முளைக்கிறது.

ஓர் எலும்புக்கூட்டுக்குப் பெயர் தேடிய நாவல்

மைக்கேல் ஒண்டாச்சி 1943இல் கொழும்பில் பிறந்து, பின்னர் கனடாவில் குடியேறி, ஆங்கிலத்தில் எழுதிவருபவர். 1992இல் புக்கர் பரிசு பெற்றவர். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய 'அனில்ஸ் கோஸ்ட்' என்னும் நாவல், அதாவது 'அனிலின் ஆவி', நம் பொருளுக்கு நேரடியாக உரியது. எண்பதுகளின் நடுவிலிருந்து தொண்ணூறுகளின் தொடக்கம் வரையிலான இலங்கையே கதைக்களம். பதினைந்து ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்துவிட்டு, ஜெனீவாவிலுள்ள மனித உரிமை அமைப்பொன்றின் சார்பில் தடயவியல் வல்லுநராகத் தாயகம் திரும்புகிறாள் அனில் என்னும் பெண். சரத் என்னும் தொல்லியலாளருடன் சேர்ந்து, அரசின் காவலுக்குட்பட்ட தொல்லியல் பகுதியில் கிடந்த எலும்புக்கூடொன்றைக் காண்கிறாள். பழைய எலும்புகளுக்கிடையே கிடந்தாலும் அது அண்மைக் காலத்தது. அரசினர் மட்டுமே நுழையக்கூடிய இடத்தில் அது எப்படி வந்தது என்பதே கதையின் முடிச்சு. அதற்கு 'மாலுமி' என்று ஒரு புனைபெயர் இட்டு, அதன் உண்மைப் பெயரைத் தேடிப் புறப்படுகிறார்கள்.

இந்நாவலின் சிறப்பு எங்கே உள்ளது? கொல்லப்பட்ட ஆயிரக்கணக்கானோரின் சார்பாக ஒரே ஓர் எலும்புக்கூட்டைத் தேர்ந்துகொண்டு, அதற்கு ஒரு பெயரைத் திருப்பித் தந்தால் மற்றவர்களுக்கும் பெயர் கிடைத்தது போலாகும் என்று ஆசிரியர் நம்புவதில்தான் உள்ளது. எண்ணிக்கை எவ்வளவு பெரிதாயினும் இறப்பு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நேர்கிறது. பெயர் சொல்லி அழைக்கும் இறைவனை நம்பும் நமக்கு இவ்வுணர்வு புதிதன்று.

அதனினும் ஆழமான இடம் ஒன்று உண்டு. மண்டையோட்டிலிருந்து முகத்தை உருவாக்கித் தருமாறு ஆனந்தா என்னும் கலைஞனை அழைக்கிறார்கள். புத்தர் சிலைகளுக்குக் கண் திறக்கும் பரம்பரையில் வந்தவன் அவன். அவனுடைய மனைவி சிறிசாவும் காணாமற்போனவள். அவன் செய்து முடிக்கும் முகத்தில் வேதனை இல்லை, அமைதியே நிலவுகிறது. காணாமற்போன தன் மனைவிக்கு எத்தகைய அமைதியை விரும்பினானோ அதையே முன்பின் அறியாத ஒரு மனிதனின் முகத்தில் வடித்துவிடுகிறான். அறிவியலின் அளவுகோலால் நோக்கினால் இது குறையாகலாம். இலக்கியத்தின் அளவுகோலால் நோக்கினால் நாவலின் உயிர்நிலை இதுவே. தன் இறந்தோர்க்குச் செய்ய முடியாததை ஒருவன் அயலானின் இறந்தோர்க்குச் செய்கிறான்.

எனினும் இந்நாவலில் இரு குறைகள் நமக்குத் தென்படுகின்றன. முதலாவது: எலும்புக்கூட்டுக்குப் பெயர் கிடைக்கிறது, அடக்கம் கிடைக்கவில்லை. மாலுமி என்று அழைக்கப்பட்டவன் மரமேறிக் கள்ளிறக்கியும் சுரங்கத்தில் வேலை செய்தும் பிழைத்த ஒரு கிராமத்தான் எனத் தெரியவருகிறது. ஆனால் அவ்வெலும்புகளை ஓர் உறவினர் கைகளில் ஏற்று அடக்கம் செய்யும் காட்சி நாவலில் இல்லை. அவை கடைசிவரையில் சான்றுப் பொருளாகவே இருக்கின்றன. உண்மையை வெளிக்கொணர்ந்தமைக்காகச் சரத் கொல்லப்படுகிறான். அவன் தம்பியாகிய மருத்துவன் காமினி அவ்வுடலின் காயங்களுக்குக் கட்டுப்போடும் பகுதி, அன்னை மரியாளின் மடியில் கிடத்தப்பட்ட ஆண்டவரின் திருவுடலை நினைப்பூட்டும் அத்துணை உருக்கம் வாய்ந்தது. படித்தவனாகிய சரத்துக்குக் கிடைத்த அவ்வுருக்கம் ஏழைக் கிராமத்தானுக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாவது குறை, தமிழரைப் பற்றியது. அரசு, தெற்கின் கிளர்ச்சியாளர், வடக்கின் போராளிகள் என மூன்று தரப்பும் கொலை செய்த காலம் அது என்று நூலின் முன்குறிப்பிலேயே ஆசிரியர் சொல்லிவிடுகிறார். ஆனால் கதைக்குள் நாம் முகம் பார்த்துப் பழகும் மாந்தர் பெரும்பாலும் தெற்கைச் சார்ந்தோர். துயரத்திற்கு மருந்தாக வருவனவும் புத்தர் சிலையும் பழங்கல்வெட்டுமே. உடைந்த புத்தர் சிலையைச் சீர்செய்து, புதிய சிலைக்கு ஆனந்தா கண் திறக்கும் காட்சியோடு நாவல் முடிகிறது. எழில்மிக்க முடிவே. ஆயினும் பெயர் திரும்பப் பெறாத தமிழ் எலும்புகள் அந்தக் கண்களுக்குத் தெரிந்தனவா என்று ஒரு தமிழ் வாசகர் கேட்டால், அக்கேள்வியில் நியாயம் இருக்கிறது.

ஒரு தாயின் சிதை

அக்கேள்விக்கு மறுமொழி போல அமைந்தது அனுக் அருட்பிரகாசம் 2021இல் வெளியிட்ட 'எ பாசேஜ் நார்த்' என்னும் நாவல். 1988இல் கொழும்பில் பிறந்த தமிழர் இவர். அவ்வாண்டுப் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இந்நூல் இடம்பெற்றது. கதை மிகச் சிறிது. கிருஷாந்தன் போன்ற நீண்ட பெயர்கள் பல உலவும் அந்நாட்டில் கிருஷன் என்னும் எளிய பெயருடைய இளைஞன் ஒருவன் கொழும்பில் வாழ்கிறான். அவனுடைய பாட்டியைப் பேணிவந்த ராணி என்னும் பெண், வடக்கே தன் ஊருக்குச் சென்றிருந்தபோது கிணற்றில் விழுந்து இறந்துவிட்டாள் எனச் செய்தி வருகிறது. அவளுடைய இறுதிச் சடங்குக்காக அவன் வடக்கே பயணமாகிறான். சிதை எரிவதோடு நூல் முடிகிறது. ராணி தன் இரு மகன்களையும் போரில் பறிகொடுத்தவள். ஒருவன் போராளியாக மாண்டான். மற்றவன் சிறுவன், போரின் இறுதி நாள்களில் எறிகணைக்கு இரையானான். அதன் பின் அவள் மனம் தேறவேயில்லை.

ஒண்டாச்சி விட்டுவிட்ட சடங்கினை இவர் முழுமையாக எடுத்துக்கொள்கிறார். பறை முழங்குவது, உடலைச் சுமந்து செல்வது, நெருப்பிடுவது என ஒவ்வொன்றும் பொறுமையுடன் சொல்லப்படுகிறது. ஒருவர் இறந்தார் என்பதை உயிரோடிருப்போரின் உடல் ஏற்றுக்கொள்வதற்கு இத்தனை படிகள் தேவைப்படுகின்றன என்பதை வாசகர் மெதுவாக உணர்கிறோம். காணாமற்போனவரின் வீட்டார் எதனை இழந்தார்கள் என்பதும் அப்போதுதான் நமக்கு விளங்குகிறது. அவர்கள் உறவினரை இழந்ததோடு, இழப்பை ஏற்றுக்கொள்ளும் படிகளையும் இழந்துவிட்டனர்.

இரு நாவல்களுக்கும் இடையே ஒரு வியத்தகு தொடர்பைச் சுட்டலாம். 1983 சூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்ட குட்டிமணியின் கதையை அனுக் அருட்பிரகாசம் நினைவுகூர்கிறார். தம் கண்களைப் பார்வையற்ற ஒருவருக்குக் கொடுக்க வேண்டும் என்றும், பிறக்கவிருக்கும் ஈழத்தை அக்கண்கள் காணட்டும் என்றும் அவர் விரும்பியதும், அக்கண்களுக்கு நேர்ந்த கொடுமையும் அப்பகுதியில் வருகின்றன. ஒரு நூலில் சிலைக்குக் கண் திறக்கப்படுகிறது. மற்ற நூலில் மனிதனின் கண் பிடுங்கப்படுகிறது. ஒரே தீவின் இரு மக்களும் கண்ணைப் பற்றியே பேசுகிறார்கள். ஒருவரை ஒருவர் காணவில்லை என்பதே இருவரின் துயரும் ஆகும்.

இவ்விரு நாவல்களிலும் ஒரு பொதுக் குறையும் உண்டு. அனில் வெளிநாட்டிலிருந்து வருகிறாள்; கிருஷன் கொழும்பிலிருந்து வருகிறான். துயருற்றவர்களைத் தொலைவிலிருந்து வந்தோரின் கண்கொண்டே நாம் பார்க்கிறோம். இது ஈழத்து எழுத்தாளர்க்கு மட்டும் உரிய பழக்கமன்று. 1968 திசம்பர் 25 இரவில், நாம் கிறித்து பிறப்புத் திருப்பலி முடித்து மகிழ்ந்திருந்த அதே நாளில், அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் ஒரு குடிசைக்குள் எரிந்தன. கூலி உயர்வு கேட்ட உழைக்கும் மக்கள் அவர்கள். குற்றஞ்சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. அந்நிகழ்வைக் கருவாகக் கொண்டு இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' 1977இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. அதிலும் தில்லியிலிருந்து வந்தோரே நமக்கு ஊரைக் காட்டுகின்றனர். கொடுமைக்குக் காரணம் நிலவுடைமையாளரின் தனிப்பட்ட உடற்குறையில் தேடப்படுகிறது. 1999இல் சோலை சுந்தரபெருமாள் எழுதிய 'செந்நெல்' அம்மண்ணின் மொழியிலேயே அக்கதையைச் சொல்ல முற்பட்டது. இறந்தோரைப் பற்றி எழுதுவோர் யாருடைய முற்றத்தில் நின்று எழுதுகிறார்கள் என்பது சிறு செய்தி அன்று.

பாறைமேல் அமர்ந்த தாய்

இந்நிலையில் சாமுவேல் இரண்டாம் நூலின் 21ஆம் அதிகாரத்தை ஓர் இலக்கியமாகவே படித்துப் பார்க்குமாறு வாசகரை வேண்டுகிறோம். ஞாயிறு வாசகங்களில் இப்பகுதி வருவதில்லை. எனவே நம்மில் பலர் அறியாதது. தாவீதின் காலத்தில் மூன்றாண்டுப் பஞ்சம் வருகிறது. காரணம், சவுல் மன்னர் தம் இனப்பற்றின் மிகுதியால், யோசுவாவின் காலம் முதல் உடன்படிக்கையால் காக்கப்பட்டிருந்த கிபயோனியரை அழிக்க முனைந்தமை. பாதிக்கப்பட்ட கிபயோனியர் பொன்னையோ வெள்ளியையோ கேட்கவில்லை. சவுலின் வழிவந்தோர் எழுவரைக் கேட்கின்றனர். வாற்கோதுமை அறுவடைத் தொடக்கத்தில் எழுவரும் மலைமீது கொல்லப்பட்டு, அடக்கமின்றி விடப்படுகின்றனர். அப்போது சவுலின் வைப்பாட்டியாகிய இரிஸ்பா சாக்குத் துணியை எடுத்துப் பாறைமேல் விரித்து அமர்கிறாள். பகலில் பறவைகளையும் இரவில் விலங்குகளையும் அணுகவிடாமல், வானத்து மழை பெய்யும்வரை காவல் இருக்கிறாள்.

அறுவடை தொடங்கி மழை வரும்வரை என்னும் சொற்களின் கனத்தை நெல் விளைவிக்கும் நாம் நன்கு உணர்வோம். நம் கணக்கில் அது தை அறுவடை முதல் ஆடிப்பெருக்கு வரையிலான காலம் போன்றது. களம் தூற்றி, வைக்கோல் போர் போட்டு, கோடையில் வயல் வெடித்து, மீண்டும் ஆற்றில் நீர் வரும்வரை ஒரு பெண் பாறைமேல் அமர்ந்திருந்தாள் என்று எண்ணிப் பாருங்கள்.

இவ்வரலாற்றின் ஆசிரியர் இரிஸ்பாவின் வாயில் ஒரு சொல்லையும் வைக்கவில்லை. கிரேக்க நாடகத்தில் தமையனைப் புதைக்கத் துணிந்த அந்திகோனே மன்னனை எதிர்த்து நெடிது வாதாடுகிறாள். இரிஸ்பா வாதாடவில்லை, அமர்ந்திருக்கிறாள். அது மன்னன் செவிக்கு எட்டுகிறது. தாவீது எழுந்து யாபேசு கிலயாதுக்குச் சென்று, பல ஆண்டுகளுக்கு முன் பகைவரால் கொல்லப்பட்ட சவுல், யோனத்தான் ஆகியோரின் எலும்புகளை எடுத்துவருகிறார். எழுவரின் எலும்புகளும் சேகரிக்கப்படுகின்றன. பென்யமின் நாட்டில் சவுலின் தந்தை கீசின் கல்லறையில் அடக்கம் நிகழ்கிறது. நாட்டிற்காக எழுந்த மன்றாட்டைக் கடவுள் கேட்டருளினார் என்ற சொற்கள் அதன் பின்னரே வருகின்றன. எழுவர் கொல்லப்பட்ட உடனே அச்சொற்கள் வரவில்லை. பழிக்குப் பழி நாட்டின் கணக்கைத் தீர்க்கவில்லை. அடக்கமே தீர்த்தது என்று கொள்ள ஆசிரியர் நமக்கு இடம் வைக்கிறார்.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. மாண்ட எழுவரில் இரிஸ்பாவின் மக்கள் இருவரே. மற்ற ஐவர் சவுலின் மகளுக்குப் பிறந்தோர். ஆனால் அவள் தன் இருவரை மட்டும் பிரித்துக் காக்கவில்லை. எழுவர்மீதும் ஒரே காவல். ஆனந்தா அயலானின் முகத்தில் தன் மனைவியின் அமைதியை வடித்தது இதே வழியில்தான். ஒண்டாச்சியின் நாவல் இவ்விடத்தில் தன்னையறியாமலே இரிஸ்பாவின் பாறைக்கு வந்து சேர்கிறது.

இக்கரையில் நாம்

இரிஸ்பாவைப் போலத் தாய்மார் இன்றும் அமர்ந்திருக்கின்றனர். 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சி, வவுனியா முதலிய இடங்களில் காணாமற்போனோரின் உறவினர் தெருவோரக் கொட்டகைகளில் படங்களுடன் அமர்ந்தனர். மறுமொழி கிடைக்காமலே அவர்களுள் பலர் இறந்துபோயினர். காணாமற்போனோர் அலுவலகத்திற்கான சட்டம் 2016இல் நிறைவேறி, 2018இல் அவ்வலுவலகம் செயற்படத் தொடங்கியது. காணாமற்போனோர் உண்மையில் இறந்துவிட்டனர் என்று 2020இல் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் கூறியபோது, எங்கே, எப்படி, யாரால் என்ற கேள்விகளுக்கு விடை இல்லாத சான்றிதழ் எங்களுக்கு வேண்டாம் என்பதே அவர்களின் நிலைப்பாடாக இருந்தது.

திருச்சபையும் இத்துயருக்கு வெளியே இல்லை. 1985 சனவரியில் வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்தியான் சுடப்பட்டார். அவர் உடல் கிடைக்கவில்லை. 2006 ஆகத்து 20இல் அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிரவுண், உடன் சென்ற பொதுநிலையினர் ஒருவருடன் காணாமற்போனார். 2009 மே 18இல் சரணடைந்த மக்களுடன் சென்ற அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் திரும்பவில்லை. போரின் இறுதிக் கட்டத்தில் 1,46,679 பேரைப் பற்றிய கணக்கு இல்லை என்று மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு 2011 சனவரியில் அரசு ஆணைக்குழுவிடமே எடுத்துரைத்தார். 2021இல் அவர் இறக்கும் வரையிலும் அக்கேள்விக்கு நிறைவான விடை வரவில்லை.

இக்கரையிலும் அத்துயர் உண்டு. அகதி முகாமிலிருந்து ஒரு தாய் திருப்பலிக் கருத்துக் கொடுக்க நம்மிடம் வந்ததுண்டு. மகன் பெயரைச் சொன்னார். பதிவேட்டில் நன்றிக்கு ஒரு பக்கம், இறந்தோர்க்கு ஒரு பக்கம். எதில் எழுதுவது என்று கேட்டபோது, "சாமி, அதைக் கேட்டுச் சொல்லத்தானே இத்தனை வருசமா எல்லாரிட்டையும் போறன்" என்றார். திருச்சபைச் சட்டத்தின் 901ஆம் எண், வாழ்வோர், இறந்தோர் எவர்க்காகவும் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம் என்கிறது. எனவே பக்கம் குறிக்காமல் பெயரை மட்டும் எழுதினோம். ஒருவர் நெடுங்காலம் காணப்படவில்லை என்பதை மட்டும் வைத்து அவர் இறந்தார் என்று முடிவு செய்யலாகாது என 1707ஆம் எண் மணவாழ்வு குறித்துக் கூறுவதும் இங்கு நினைக்கத்தக்கது. காத்திருப்போரை நோக்கி, 'போதும், முடித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

ஆனால் இரிஸ்பாவின் காவல் எழுவர்க்கும் உரியது என்பதை ஏற்றால், நமக்கு எளிதல்லாத ஒரு கடமையும் பிறக்கிறது. 1990 சூலையில் மட்டக்களப்பு மாவட்டம் குருக்கள்மடத்தில், ஊர் திரும்பிக்கொண்டிருந்த இசுலாமியர் பலர் விடுதலைப் புலிகளால் கடத்திக் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டனர். அவர்களின் உறவினரும் அக்குழியைத் தோண்டி, மார்க்க முறைப்படி அடக்கம் செய்யக் கேட்டுவருகின்றனர். 2012இல் மாத்தளை மருத்துவமனை வளாகத்தில் 150க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன. தெற்கின் கிளர்ச்சிக் காலத்தில் மறைந்த தம் பிள்ளைகள் அவற்றுள் இருக்கலாம் என்று சிங்களப் பெற்றோர் நம்பினர். செம்மணிக்காக அழும் தமிழர் குருக்கள்மடத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் முகம் திருப்புவோமாயின், நம் துயரத்தையும் பிறர் நம்பமாட்டார்கள். கிபயோனியர் பாதிக்கப்பட்டோரே, எழுவரை மலைமேல் அடக்கமின்றி விட்டதும் அவர்களே. பாதிக்கப்பட்டமை ஒரு மக்களினத்தைக் குற்றத்திலிருந்து காத்துவிடாது என்பது திருவிவிலியம் மறைக்காத உண்மை.

இவ்வழியில் நடந்து காட்டியோர் உலகில் உண்டு. சைப்பிரசு தீவில் கிரேக்கரும் துருக்கியரும் 1963-64லும் 1974லும் ஒருவரையொருவர் கொன்று மறைத்தனர். காணாமற்போனோராகப் பட்டியலிடப்பட்டோர் 2,002 பேர். கிரேக்கர் 1,510, துருக்கியர் 492. 1981இல் இருதரப்பினரும் கொண்ட குழு அமைக்கப்பட்டது. ஆயினும் கால் நூற்றாண்டு கழிந்து 2006 முதல்தான் முறையான தோண்டுதல் தொடங்கியது. இரு இனத்து இளம் அறிவியலாளரும் ஒரே குழியில் இறங்கி, இது யாருடைய எலும்பு என்று அறியாமலே மண்ணைத் துடைத்து எடுக்கின்றனர். 1,000க்கும் மேற்பட்டோர் அடையாளம் காணப்பட்டு உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டனர். கொன்றவர் யார் எனக் கூறும் அதிகாரம் அக்குழுவுக்கு இல்லை. நீதி தேடுவோர்க்கு அது பெருங்குறையே. ஆயினும் எலும்பு யாருடையது என்ற சொல்லை இரு தரப்பினரும் நம்புகின்றனர். ஏனெனில் அதைச் சொல்பவர்களுள் தம்மவரும் உண்டு, மற்றவரும் உண்டு. மன்னாரில் இல்லாதது இதுவே.

நாவல்களால் எலும்புகளைத் தோண்ட முடியாது. தோண்டப்படும் நாளில் அவற்றை யாருடையவை என்று கேளாமல் ஏந்தும் கைகளை அவை உருவாக்கலாம். ஒண்டாச்சி முகத்தைத் தந்தார். அனுக் அருட்பிரகாசம் சிதையைத் தந்தார். பாறைமேல் அமர்ந்தவளின் பக்கத்திலேயே அமர்ந்து, அவளுடைய மொழியிலேயே எழுதப்படும் பெருநாவலுக்குத் தமிழ் இன்னும் கடன்பட்டிருக்கிறது. வரும் நவம்பர் 2 அன்று நாம் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, பூச்சூட்டி, மெழுகுதிரி ஏற்றுவோம். கல்லறைத் தோட்டத்துச் சிலுவையின் அடியில் ஒரு திரியைக் கூடுதலாக ஏற்றுவோமாக. அதனருகே செம்மணி, மன்னார் என்று எழுதுவோர், குருக்கள்மடம், மாத்தளை என்பவற்றையும் சேர்த்து எழுதட்டும்.